பேரேடுகளைக் காத்துத் தந்தவர்களுக்கு

ஆண்டவரின் இனிய நாமத்தில் வாழ்த்துக்கள்.

எமது திருகோணமலை பப்டிஸ்ட் சபையின் பழைய பேரேடுகளைத் திரட்டிப் படியெடுக்கும் வேலை ஒருவாறு முடிந்தது. அவற்றை இத்தனை காலமும் அலுமாரியிலும் றங்குப்பெட்டியிலும் வைத்திருந்து தந்த மடத்தடி, உவர்மலை, பாலையூற்று வீட்டாருக்கே முதல் நன்றி. எமக்குப் பேராயர் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தன் சபைக்கூட்டத்திலேயே தீர்த்துக்கொள்ளும். ஆகவே கூட்டக்குறிப்புப் புத்தகம் தொலைந்தால் மேலிடத்தில் போய் இன்னொரு படி கேட்க முடியாது. திருமணப் பதிவுக்கு மட்டும் அரச பதிவகத்தில் ஒன்று உண்டு. 1812 இல் பப்டிஸ்ட் மிஷனரி ஜேம்ஸ் சேற்றர் கொழும்புக்கு வந்து தொடங்கிய மிஷனின் ஆவணங்கள் ஒக்ஸ்போர்ட்டில் றீஜன்ற்ஸ் பார்க் கல்லூரியில் இருக்கின்றன. ஆனால் அவை மிஷனரிமார் எழுதியவை. இந்த ஊரில் எந்தக் குடும்பம் எப்போது சபையில் சேர்ந்தது என்று அங்கே தேடிப் பயனில்லை.

1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சு, 1990 போர்க்கால இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 கடற்கோள் என்று ஊர் கலைந்தபோதெல்லாம், யாரோ ஒருவர் கையோடு தூக்கிப்போனதுதான் மிஞ்சியது.

கடல்நீர் பட்ட பேரேடு வேறு சாதி. காய்ந்துவிட்டது போலிருக்கும்; தாளில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுக்க, வாடைக்காற்று தொடங்கியதும் மறுபடி நசநசக்கும். நன்னீரில் அலசலாமென்றால் நீலமை கரைந்தோடும். அதனால் கச்சான் என்ற உலர்ந்த தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களிலேயே இதைச் செய்தோம். புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிறுத்தி, பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத்தாள் செருகி, சில மணிக்கொருதரம் மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் தாள் நெளியும், மை மங்கும். இரவிரவாகத் தாள் மாற்றிய வாலிபர் ஐக்கியத்தாருக்கு நன்றி.

இராமபாணப் பூச்சிக்கு மருந்தடிக்கவில்லை. பேரேடுகளைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, ஒரு மீன் வியாபாரி தந்த டீப் பிரீசரில் ஒரு கிழமை வைத்தோம். வெளியே எடுத்ததும் கட்டை அவிழ்க்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விடவேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் வியர்வை பூக்கும். அந்த ஐயாவுக்கு அந்தக் கிழமை வியாபாரத்தில் இடம் குறைந்திருக்கும். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

நல்லெண்ணத்தில் லமினேற் செய்யப்பட்ட பக்கங்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக் தாளோடுதான் வரும். செலோரேப்பும் அப்படித்தான், பழுத்து, எழுத்தையும் பழுப்பாக்கிவிடும். தயவுசெய்து இரண்டும் வேண்டாம்.

வாசித்துத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வது! பழைய கையெழுத்தில் புள்ளி இராது. ரகரமும் துணைக்காலும் (அரவு) ஒரே கோடு. ‘மார்த்தாள்’ என்ற பெயர் ‘மாாததாள’ என்று நிற்கும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம் என்பதையும் அவரிடமே படித்தோம். முழுக்கு ஞானஸ்நானப் பேரேட்டை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணிக்காதீர்கள் என்று பொறுமையாகத் திருத்தியவரும் அவர்தான். எமது சபையில் குழந்தை ஞானஸ்நானம் இல்லை, குழந்தையை ஆண்டவருக்கு அர்ப்பணிப்பது மட்டுமே. விசுவாசத்தை அறிக்கை செய்தபின்தான் முழுக்கு. பதினாறு வயதிலும் எடுப்பார்கள், அறுபதிலும் எடுப்பார்கள். அவர் சொல்லியிராவிட்டால் பல குடும்பங்களில் மகனைவிடத் தாய் இளையவராகியிருப்பார்.

கல்லறைக் கற்களைப் படமெடுத்த தம்பிமாருக்கும் நன்றி. சுண்ணக்கட்டி பூசாமல், கம்பிப் பிரஷ் போடாமல், தண்ணீரும் மென்பிரஷும் மட்டும் பாவித்து, மாலைச் சாய்வெயிலில் எடுத்தார்கள். உச்சிவெயிலில் எழுத்தின் நிழல் விழாது.

மூலப் பேரேடுகள் அவரவர் வீட்டுக்கே திரும்பி வரும். பொலித்தீனுக்குள் வைக்க வேண்டாம், புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் முட்டாமல் மேற்தட்டில் படுக்கையாக வையுங்கள். கறையான் சுவர்வழியே ஏறும்.

சபை வரலாற்றுத் தொகுப்புக் குழு
திருகோணமலை