இஸ்ரேல் பயணத்தில் தொண்டு: யாருக்காக என்பதைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எருசலேம், பெத்லகேம், கலிலேயா எனத் திருத்தலங்களை மட்டும் காட்டிவந்த புனிதப் பயண ஏற்பாட்டாளர்களில் சிலர், பயண நிரலில் தொண்டுப் பணியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். 2023-இல் தொடங்கிய காசா போருக்கு முந்தைய ஒரு குளிர்காலத்தில் அத்தகைய குழுவுடன் சென்று வந்தவன் என்ற முறையில் இதை நான் வரவேற்கிறேன். ஆனால், என்ன வேலை, எந்த அமைப்புக்காக, யாருடைய பயனுக்காக என்று எதையும் சொல்லாமல், 'ஊழியம்' என்று பொதுப்படையாக எழுதிவிட்டு முன்பணம் வாங்குவதை ஏற்க முடியவில்லை.

வேலையும் சுற்றுலாவும் கலந்த பயணம் அந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1963 முதல் 1965 வரை தொல்லியலாளர் யிகேல் யாதின் தலைமையில் மசாதா மலைக்கோட்டையில் நடந்த அகழாய்வில், பல நாடுகளிலிருந்து சொந்தச் செலவில் வந்தவர்கள் மண் சுமந்தார்கள். 1967 போருக்குப் பிறகு, கிப்புத்ஸ் எனப்படும் கூட்டுப் பண்ணைகளுக்கு வெளிநாட்டு இளைஞர்கள் பெருமளவில் வந்து, உணவுக்கும் தங்குமிடத்துக்கும் சிறு கைச்செலவுப் பணத்துக்குமாகத் தோட்டத்திலும் மாட்டுத்தொழுவத்திலும் சமையற்கூடத்திலும் உழைத்து, விடுமுறை நாள்களில் ஊர் சுற்றினார்கள். நம் யாத்ரிகர்கள் யோர்தான் நதியில் இறங்கும் யார்தெனித் படித்துறையை நடத்துவது கின்னரெத் கிப்புத்ஸ் என்பதை வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

கினோசார் கிப்புத்ஸில் கண்ணாடிக் கூடத்தில் வைத்திருக்கும் பழைய படகின் கதையும் அப்படித்தான். 1986-இல் வறட்சியால் கலிலேயாக் கடல் எனப்படும் ஏரி உள்வாங்கியபோது, அந்தக் கிப்புத்ஸைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் சேற்றில் அதன் விளிம்பைக் கண்டார்கள். தண்ணீர் மீண்டும் ஏறுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று தொல்லியலாளர்களுடன் ஊர்க்காரர்களும் தொண்டர்களும் இரவு பகலாக, இரண்டு வாரத்துக்குள் தோண்டி முடித்தார்கள். காய்ந்தால் உதிர்ந்துவிடும் அளவுக்கு ஊறிப்போயிருந்த எட்டு மீட்டர் நீளப் படகை, கெட்டியாகும் நுரையால் முழுவதும் பொதிந்து, நீரில் மிதக்கவிட்டே கொண்டுசென்றார்கள். இயேசு ஏறிய படகு என்பதற்குச் சான்று எதுவும் இல்லை; முதலாம் நூற்றாண்டை ஒட்டியது என்பதோடு நிறுத்திக்கொண்டு, இந்த உழைப்பையல்லவா நம் குழுக்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டும்?

எங்களுக்குக் கிடைத்தது வயல் வேலை. விற்க முடியாமல் வயலில் நின்றுவிடும் விளைச்சலை அறுத்து ஏழைகளுக்கு அனுப்பும் லெக்கெட் இஸ்ரேல் என்ற அமைப்பு 2003 முதல் இயங்கிவருகிறது. வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் எளியவருக்கு விட்டுவைக்கச் சொல்லும் மோசேயின் கட்டளையும், ரூத் கதிர் பொறுக்கிய வரலாறும் தெரிந்த எங்களுக்கு அதன் நோக்கத்தை யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. நூக்கலைப் பிடுங்கி, வேரை நறுக்கி, இலைகளைத் திருகி எடுத்துவிட்டுப் பெட்டியில் போட வேண்டும். கேட்க எளிதுதான், ஒரு மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று. களையெடுத்துப் பழகிய எங்கள் ஊர்ப் பெண்கள் இளைஞர்களையெல்லாம் பின்தள்ளிவிட்டுப் போனார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அந்த வேலையில் யாருடைய கூலியும் பறிபோகவில்லை. 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு எல்லா வயல்களையும் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஹமாஸ் தாக்குதலில் தாய்லாந்துத் தொழிலாளர்களும் கொல்லப்பட்டார்கள், கடத்தப்பட்டார்கள். பண்ணைகளில் இருந்த சுமார் 30,000 தாய்லாந்துக்காரர்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். பாலஸ்தீனத் தொழிலாளர்களுக்கான அனுமதியும் பெருமளவில் நிறுத்தப்பட்டது. பழம் அழுகுகிறதே என்று கடல் கடந்து ஓடிவந்த தொண்டர்களின் இரக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அவர்கள் நின்ற வரிசையில் முன்பு கூலிக்கு நின்றவர்களில் பலர், பெத்லகேமைப் போன்ற மேற்குக்கரை ஊர்களில் வேலையின்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லையோரப் பண்ணைகளின் ஆபத்து வேறு. 2024 மார்ச்சில் லெபனான் எல்லையை ஒட்டிய மார்கலியோத்தில், ஏவுகணைத் தாக்குதலில் உயிரிழந்தவர் அங்கே விவசாய வேலைக்குச் சென்றிருந்த கேரள இளைஞர்.

சார்-எல் என்ற திட்டம் இன்னொரு வகை. 1980-களின் தொடக்கத்திலிருந்து, அயல்நாட்டுத் தொண்டர்களை இராணுவ முகாம்களின் கிடங்குகளுக்கு அனுப்பி, மருத்துவப் பைகளை அடுக்குவது போன்ற வேலைகளில் ஈடுபடுத்துகிறது; வார இறுதியில் ஊர் சுற்றலாம். தன் நம்பிக்கையின்படி அதைத் தேர்ந்தெடுப்பவர் தேர்ந்தெடுக்கட்டும். காசாவில் பல்லாயிரம் பேர் மாண்ட பிறகு, ஓர் இராணுவத்துக்குக் கைகொடுப்பதை வயலில் காய் பொறுக்குவதோடு ஒரே தலைப்பில் சேர்த்து, விவரம் அறியாத முதியவர்களைத் திருச்சபையின் பெயரால் அழைத்துச்செல்வது நேர்மையாகாது என்பது என் கருத்து.

எருசலேம் பயணத்துக்குத் தமிழ்நாடு அரசு மானியம் வழங்குகிறது. பொதுப்பணமும் சேரும் பயணத்தில் இந்தத் தெளிவு இன்னும் அவசியம். விசாவிலும் கவனம் வேண்டும்: சுற்றுலாவுக்குப் பி/2, தொண்டுப் பணிக்குப் பி/4 என்று அந்நாடு தனித்தனியே வகுத்திருக்கிறது. சனிக்கிழமை வயல் வேலை என்று நிரலில் கண்டால், ஏற்பாட்டாளருக்கு அங்கே ஓய்வுநாள் எது என்றே தெரியவில்லை என்று வாசகர்கள் புரிந்துகொள்ளலாம்.

எனவே, பணி தரும் அமைப்பின் பெயர், வேலை நடக்கும் இடம், எல்லையிலிருந்து அதன் தொலைவு, வேலை நேரம், அதற்கென வசூலிக்கும் தொகை ஆகியவற்றை முன்பணம் வாங்கும் முன்பே எழுத்தில் தருமாறு பயண ஏற்பாட்டாளர்களையும், அவர்களைப் பரிந்துரைக்கும் திருச்சபை நிர்வாகங்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.