தினம் அம்பது வார்த்தை வேணாம் சார், பத்து போதும், வாக்கியத்தோட குடுங்க

கோச்சிங் சென்டர் நிர்வாகத்துக்கும் இங்கிலீஷ் சாருக்கும் வணக்கம்.

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் பரீட்சைக்கு உங்க பேட்ச்ல படிக்கிற ஒரு பொண்ணோட அண்ணன் எழுதுறேன். வியாழக்கிழமை வொகாபுலரி டெஸ்ட்ல நடந்தது உங்களுக்கே தெரியும், அத திரும்ப முழுசா சொல்லல.

'நொட்டோரியஸ்' வச்சு சொந்தமா ஒரு வாக்கியம் எழுதச் சொன்னீங்க. எங்க தாத்தா எலும்பு முறிவுக்குக் கட்டு போடுறவர், சுத்துப்பட்டு ஊர்ல இருந்தெல்லாம் தேடி வருவாங்க, அவர் தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. தங்கச்சி அவரப் பத்தி எழுதிட்டா. ஏன்னா நீங்க குடுத்த வார்த்தை ஷீட்ல அந்த வார்த்தைக்கு நேரா 'பிரபலமான'ன்னு மட்டும்தான் இருக்கு, கெட்டதுக்குப் பேர் வாங்கினவனத்தான் அப்படிச் சொல்லுவாங்கன்னு எங்கயும் இல்ல. நீங்க சத்தமா படிச்சீங்க, கிளாஸே சிரிச்சுது. ராத்திரி அவ சாப்பிடல. "தாத்தாவ நானே அசிங்கப்படுத்திட்டேன்ணா"ன்னு அழுதா சார்.

பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்ச புள்ள. சிக்கனம் வேற கஞ்சத்தனம் வேறன்னு அவளுக்குத் தெரியும், வீட்டுப் பேச்சுல கேட்டுக் கேட்டு வந்தது அது. த்ரிஃப்டின்னா சிக்கனம், ஸ்டிஞ்சின்னா கஞ்சத்தனம், அந்த ரெண்டுக்கும் உங்க ஷீட்ல ஒரே அர்த்தம் போட்டா எப்படி புரியும்? 'பெனி'ன்னா நல்லது, 'மால்'னா கெட்டதுன்னு ஒரு வரி சொல்லிட்டா பெனஃபாக்டர், பெனவொலன்ட், மாலிஸ், மலெவொலன்ட்னு கூட்டமா மனசுல நிக்கும், அதையும் யாரும் சொல்றதில்ல, அம்பது வார்த்தைய ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டு நாளைக்கு டெஸ்ட்டுன்னா அது எப்படி பாடம் நடத்துறது ஆகும்? அதனாலதான் கேக்குறேன், பத்து வார்த்தை போதும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியம் வேணும்.

டயர் ஒன்ல, அதாவது முதல் கட்டப் பரீட்சையில, இங்கிலீஷுக்கு 25 கேள்வி, 50 மார்க், ஒரு தப்புக்கு அரை மார்க் போயிடும். மத்த பாடத்த இந்தி தெரிஞ்சவங்க இந்தியிலயே படிச்சு விடை போடலாம், எங்க புள்ளைங்களுக்கு கணக்குக் கேள்வி கூட இங்கிலீஷ்லதான். அந்த வயித்தெரிச்சல உங்ககிட்ட கொட்டி என்ன ஆகப்போகுது, அது டெல்லியில கேக்க வேண்டியது. ஆனா ஷீட் உங்க கையில இருக்கு. ஃபீஸ் வாங்கும்போது அடிப்படையில இருந்து சொல்லித் தருவோம்னு சொன்னதும் நீங்கதான்.

கோவத்துல ஏதாச்சும் கூடுதலா எழுதியிருந்தா மன்னிச்சுக்கோங்க சார். பத்து வார்த்தை, வாக்கியத்தோட, அவ்வளவுதான் கேக்குறேன். திங்கக்கிழமை தங்கச்சிய நானே கூட்டிட்டு வரேன். அந்த வாக்கியத்த வேற நல்ல வார்த்தை போட்டு எப்படி எழுதணும்னு நீங்களே அவளுக்குச் சொல்லிக் குடுங்க, தயவுசெஞ்சு.