சுவீடனுக்குச் சாமான் வாங்கப் போற எங்கட ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

நோர்வேயில இருக்கிற அன்பான அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் ஒஸ்லோவில ஒரு சாமத்திய வீட்டுக்கு வந்திருந்தன். சாப்பாட்டு மேசையில கதை சாமான் விலையில தொடங்கி விவசாயியளில வந்து நிண்டது. "எங்கட வரிக்காசில தானே உவை சீவிக்கினம், பிறகேன் பாலும் இறைச்சியும் இந்த விலை, சுவீடன் எல்லையில இருக்கிற மலிவுக் கடையளுக்கு, ஸ்வினெசுண்டுக்கு ஒருக்காப் போய் வந்தா ரெண்டு மாசத்துக்குக் காணும்" எண்டு ஒரு அண்ணா சொல்ல மற்ற எல்லாரும் ஓம் எண்டவை. நல்ல நாள் வீட்டில வாக்குவாதம் வேண்டாம் எண்டு நான் வாய் திறக்கேல்லை, ஆனா ட்ரெயின்ல திரும்பி வரேக்க முழுக்க அதே யோசினைதான், நித்திரையும் வரேல்லை. அண்டைக்குச் சொல்லாம விட்டதைத்தான் இண்டைக்கு எழுதுறன்.

நான் இருக்கிறது குட்பிரான்ஸ்டாலன் பள்ளத்தாக்கில. உங்கட பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்குப் பாணில வைச்சுக் கொண்டு போற மண்ணிறச் சீஸ் இருக்கெல்லே, அதை 1863ல ஆன்னே ஹோவ் எண்ட ஒரு பண்ணைப் பொம்பிளை பால் ஆடையைச் சேத்துக் காய்ச்சத் தொடங்கினது இந்தப் பள்ளத்தாக்கிலதான். என்ர வேலை அவ்லோசர். அதாவது ஒரு பண்ணைக்காரருக்குச் சுகமில்லாமப் போனா, இல்லாட்டி ஒரு லீவு வேணும் எண்டா, அவருக்குப் பதிலாப் போய் மாடு கறந்து, தீன் போட்டு, கொட்டில் துப்பரவாக்கி, கண்டுகளுக்குப் பால் குடுக்கிற ஆள். ஊரில அம்மம்மா வீட்டில ரெண்டு மாடு நிண்டது, முந்தி எனக்குத் தெரிஞ்ச மாட்டு வேலை அவ்வளவுதான், இப்ப ஒன்பது வருசம் ஆச்சு.

உங்களில எத்தினையோ பேர் முதியோர் இல்லத்திலயும் ஆஸ்பத்திரியிலயும் வேலை செய்யிறியள். மூண்டு கிழமைக்கு ஒரு சனி ஞாயிறு ஷிப்ட் வந்தாலே பிள்ளையின்ர தமிழ் வகுப்பு, நடன வகுப்பு, கோயில் எல்லாம் குழம்பிப் போகுது எண்டு எவ்வளவு கவலைப்படுறியள், அது நியாயமான கவலைதான், ஆனா அந்தச் சனி ஞாயிறுக்கு மேலதிகக் காசு வருது, வருசத்துக்கு அஞ்சு கிழமை லீவும் வருது. பால் மாடு வைச்சிருக்கிறவருக்கு எல்லாச் சனியும் ஷிப்ட், எல்லா ஞாயிறும் ஷிப்ட், நத்தாருக்கும் ஷிப்ட். நோர்வேயின்ர தேசிய நாள், மே 17 அண்டைக்கு நாங்கள் சாறி கட்டிக் கொடியோட ஊர்வலத்தில நிக்கேக்க அவர் விடியக் கறந்து முடிச்சு, குளிச்சு, உடுப்பு மாத்திக்கொண்டு வந்து நிப்பார், பின்னேரம் நாலரைக்கு எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிடேக்க அவற்ற கார் வெளிக்கிட்டிடும்.

ஒரு பண்ணையைச் சொல்லுறன், பேர் வேண்டாம். இருபத்திரெண்டு மாடு, அப்பா காலத்துக் கொட்டில், மாடுகள் ரெண்டு வரிசையாக் கட்டி நிக்கும், ஒவ்வொண்டின்ர தலைக்கு மேலயும் பேர் எழுதின பலகை. மாசி மாசத்தில நான் போன முதல் நாள் வெளியில மைனஸ் 24. உள்ளுக்குப் போனா மாட்டுச் சூட்டில கண்ணாடி புகார் பிடிச்சிட்டுது. பால் டாங்க் கதவில அவற்ற மனுசி ஒரு கடுதாசி ஒட்டி வைச்சிருந்தா, பேனையால எழுதினது: டாக்ரோசைக் கடைசியாக் கறக்கவும், பின் இடது காம்பு பிந்தித்தான் இறங்கும், அவசரப்படுத்தினா உதைப்பாள். ஆறாம் இடத்து மாட்டின்ர முதல் பாலைக் கறுத்தக் கோப்பையில பீச்சிப் பாக்கவும், கட்டி தெரிஞ்சா எனக்கு போன் அடிக்கவும், எந்த நேரம் எண்டாலும் பரவாயில்லை. இப்பிடி இருபத்திரெண்டுக்கும் ஒவ்வொரு வரி. கடைசி வரியில, குசினியில கேக் இருக்கு, எடுத்துச் சாப்பிடவும்.

அவை ரெண்டு பேரும் அண்டைக்குப் போனது மகளைப் பாக்க ட்ரொண்ட்ஹைமுக்கு, ரெண்டு இரவுதான். அதுக்கு முதல் ரெண்டு பேரும் சேந்து வீட்டை விட்டு வெளியில படுத்தது ஆறு வருசத்துக்கு முந்தி, ஒரு செத்த வீட்டுக்கு. மனுசிக்குக் கொம்யூன்ல, அதாவது உள்ளூராட்சியில, வீடு வீடாப் போய் வயசானவையைப் பாக்கிற வேலை, அந்தச் சம்பளம் இல்லையெண்டா கடன் கட்ட ஏலாது எண்டு அவாவே எனக்குச் சொன்னவா. உங்களில சிலபேர் செய்யிற அதே வேலை. அதை முடிச்சிட்டு வந்து பின்னேரம் கண்டுகளுக்குப் பால் வைப்பா.

அவ்லோசர் எண்ட ஒழுங்கு எப்பிடி வந்தது எண்டதை எங்கட சனம் தெரிஞ்சிருக்க வேணும். 1975ல ஹித்ரா எண்ட தீவில விவசாயியள் வரி கட்ட மாட்டம் எண்டு நிண்டவை. உழைப்பு மற்றவையை விடக் கூட, வருமானம் மற்றவையை விடக் குறைவு, இதில வரி என்னத்துக்கு எண்டு கேட்டவை. அதே வருசம் நாடாளுமன்றம், ஆறு வருசத்துக்குள்ள விவசாயியின்ர வருமானத்தைத் தொழிற்சாலைத் தொழிலாளியின்ர அளவுக்குக் கொண்டு வருவம் எண்டு முடிவெடுத்தது. அந்தக் காலத்திலதான் விவசாயிக்கும் லீவு வேணும் எண்ட எண்ணமே சட்டத்துக்குள்ள வந்தது, அவர் பதில் ஆளுக்குக் குடுக்கிற சம்பளத்தில ஒரு பங்கை அரசாங்கம் ஒரு எல்லை மட்டும் திருப்பிக் குடுக்கும். மாட்டுக்கு லீவு இல்லை, ஆனா மாடு பாக்கிற மனுசனுக்கு லீவு வேணும் எண்டு ஒரு நாடு யோசிச்சுக் காசு ஒதுக்கினது எவ்வளவு பெரிய விசயம். நீங்கள் சொல்லுற "வரிக்காசு" எண்டதுக்குள்ள இதுவும் இருக்கு, அந்த ரெண்டு இரவும் இருக்கு.

பால் விலையும் மானியமும் கடைக்காரர் நினைச்சபடி வாறதில்லை. 1950ல இருந்து ஒரு ஒப்பந்தம் இருக்கு, ஒவ்வொரு வசந்தத்துக்கும் அரசாங்கமும் ரெண்டு விவசாயச் சங்கமும் மேசையில இருந்து பேசித்தான் அது முடிவாகும். கனகாலமா அந்த மேசையில விவசாயியின்ர ஒரு வேலை வருசம் எண்டா 1845 மணித்தியாலம் எண்டு கணக்குப் போட்டவை. கிழமைக்கு 37.5 மணித்தியாலம் வேலை செய்து, லீவும் எடுக்கிற ஒரு ஆளின்ர வருசத்தோட அதை ஒருக்காக் கணக்குப் பாருங்கோ. 2021ல பேச்சு முறிஞ்சு விவசாயியள் ட்ராக்டரோட தெருவுக்கு வந்தவை, 2022ல உக்ரைன் சண்டையால உரம் விலை ஏற 10.9 பில்லியன் குரோணர் ஒப்பந்தம் வந்தது, அதில பெரிய பங்கு கூடின செலவுக்கே போட்டுது. மற்றவைக்கும் விவசாயிக்கும் இருக்கிற வருமான இடைவெளியை 2027க்குள்ள மூடுவம் எண்டு நாடாளுமன்றம் சொல்லியிருக்கு. ஹித்ராவுக்குப் பிறகு அம்பது வருசம் போட்டுது, இன்னும் அதே வாக்குறுதிதான் நடக்குது.

இதுக்கிடையில 1969ல ஒன்றரை லட்சத்துக்கு மேல இருந்த பண்ணைகள் இப்ப நாற்பதாயிரத்துக்குக் கீழ. பால் மாடு வைச்சிருக்கிறவை ஏழாயிரம் பேரும் இல்லை. நீங்கள் லீவுக்குக் கார்ல மேல வரேக்க வயலுகளில வெள்ளை பிளாஸ்டிக் சுத்தின புல்லு உருண்டையள் கிடக்கும், இஞ்சத்தையாள் அதை ட்ராக்டர் முட்டை எண்டு சொல்லுவினம், பிள்ளையள் எண்ணிக்கொண்டு வருவினம். அந்த வயல் கனக்கப் பேருக்குக் குத்தகை நிலம், பக்கத்து வீட்டுக் கொட்டில் பூட்டிக் கிடக்கும், நீங்கள் வடிவு எண்டு படம் எடுக்கிற அந்தச் சிவப்புக் கொட்டிலுக்குள்ள சில இடத்தில மாடு இல்லை.

ரோபோட் வந்திட்டுதே, பிறகென்ன கஷ்டம் எண்டு கேக்கிறியள். உண்மைதான், இந்த நாட்டுப் பாலில அரைவாசிக்கு மேல இப்ப ரோபோட்தான் கறக்குது, விடிய அஞ்சரைக்கு எழும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனா நான் போற ரோபோட் பண்ணையளில இரவு ரெண்டு மணிக்கு போன் கத்தும், காம்பில கப் பூட்டேல்லை, மாடு ஒண்டு வாசலில மறிச்சுக்கொண்டு நிக்குது எண்டு. ஆள் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போகத்தான் வேணும். ரோபோட்டோட வந்தது கடன். 2034ல இருந்து மாட்டைக் கட்டி வைக்கிற கொட்டில் கூடாது எண்டு சட்டம், மாட்டுக்கு அது நல்லது, அதை நான் எதிர்க்கேல்லை, கட்டவிழ்ந்து திரியிற மாட்டையும் கட்டி நிக்கிற மாட்டையும் ரெண்டையும் பாத்தவன் நான். ஆனா இருபத்திரெண்டு மாட்டுக்காரர் புதுக் கொட்டில் போடப் பத்து மில்லியனுக்கு மேல வேணும் எண்டு விலை கேட்டு வந்திருக்கிறார். அவருக்கு 57 வயசு.

மகள் ட்ரொண்ட்ஹைம்ல படிக்கிறாள், மூத்த பிள்ளை. இஞ்ச மூத்த பிள்ளைக்குப் பண்ணையை எடுக்கிற முதல் உரிமை அரசியலமைப்பிலயே பாதுகாத்து வைச்சிருக்கு, 1974 சட்டத்தோட பெட்டையளுக்கும் அது சமனாச்சு. டாக்ரோஸ் கண்டா இருக்கேக்க போத்தில்ல பால் குடுத்து வளத்தது அவள்தான். போன கோடையில புல்லு வெட்டேக்க என்னோட ட்ராக்டரில இருந்துகொண்டு சொன்னாள்: "எனக்கு மாடும் விருப்பம், இந்த நிலமும் விருப்பம். ஆனா அப்பா மாதிரிச் சனிக்கிழமை எண்டா என்னெண்டு தெரியாம என்னால வாழ ஏலாது." நான் ஒண்டும் சொல்லேல்லை. அவள் சரியாத்தான் சொன்னவள். ஒரு பண்ணை நிக்குமா பூட்டுமா எண்டதை இப்ப முடிவெடுக்கிறது பால் விலை மட்டும் இல்லை, ஒரு சனிக்கிழமை.

அதால நான் உங்களைக் கேக்கிறது இதுதான். சுவீடனுக்குப் போகாதேங்கோ எண்டு சொல்ல மாட்டன், நாலு பிள்ளையோட சீவிக்கிற வீட்டுக்கு விலை எவ்வளவு பெரிய சுமை எண்டு எனக்குத் தெரியும். ஆனா 2020 மார்ச்சில எல்லை பூட்டினாப் பிறகு நாங்கள் எல்லாரும் இஞ்சத்தைக் கடையில வாங்கினம், இஞ்சத்தைப் பால், இறைச்சி விற்பனை எவ்வளவு கூடினது எண்டு அப்ப எல்லாரும் பாத்தவை. மாசத்துக்கு ஒருக்கா எண்டாலும் அப்பிடி யோசிச்சு வாங்குங்கோ. விலை கூட எண்டு கோவம் வந்தா விவசாயியோட மட்டும் கோவிக்காதேங்கோ, இந்த நாட்டுச் சாப்பாட்டுச் சந்தையில 95 வீதத்துக்கு மேல மூண்டு கொம்பனியின்ர கையில இருக்கு, நோர்கஸ்குருப்பன், கோப், ரேமா, அதையும் கேளுங்கோ. வாக்குக் கேட்டு உங்கட கோயிலுக்கும் மண்டபத்துக்கும் வாற கட்சிக்காரரிட்ட, பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் பற்றிக் கேக்கிற மாதிரி, அவ்லோசர் காசை எப்ப கூட்டப் போறியள், அந்த வேலையை ஒரு ஒழுங்கான முழுநேர வேலையா எப்ப ஆக்கப் போறியள் எண்டும் ஒரு கேள்வி கேளுங்கோ. காசு இருந்தாலும் ஆள் இல்லை எண்டதுதான் இப்ப பெரிய பிரச்சினை, மூண்டு மணித்தியாலம் விடிய, மூண்டு மணித்தியாலம் பின்னேரம், நடுவில சம்பளம் இல்லாத பகல், எந்தப் பெடியன் வருவான்.

கடைசியா ஒரு விசயம். இருபத்திரெண்டு மாட்டுக்காரருக்கு முழங்கால் ஒப்பரேசன். ரெண்டு தரம் ஆஸ்பத்திரியில இருந்து திகதி வந்து ரெண்டு தரமும் அவரே வேண்டாம் எண்டவர், ஒருக்காப் புல்லு வெட்டு, ஒருக்கா ஆள் கிடைக்கேல்லை. இப்ப மூண்டாவது திகதி வந்திருக்கு, வாற மாசம். ஆறு கிழமைக்குக் கொட்டில் வேலை கூடாது எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். நாலு கிழமை நான் நிப்பன், அதுக்குப் பிறகு எனக்கு வேற பண்ணை முதலே பேசியிருக்கு. மிச்சம் ரெண்டு கிழமைக்கு ஆள் தேடுறம். உங்கட வீட்டில படிப்பு முடிச்சு வேலை தேடுற பிள்ளை, பெடியனோ பெட்டையோ, மிருகத்துக்குப் பயமில்லாட்டி அனுப்புங்கோ. கார் லைசென்ஸ் இருந்தாக் காணும், படுக்க அறை இருக்கு, சம்பளம் சட்டப்படி. கறக்கிறதை ஒரு கிழமை பக்கத்தில நிண்டு நான் பழக்குவன், டாக்ரோசைக் கடைசியா விடுறது எப்பிடி எண்டதையும் சேத்து.

அன்போட,
குட்பிரான்ஸ்டாலன்ல இருந்து உங்கட தம்பி ஒருத்தன்