புகைபோக்கியை எடுத்தாயிற்று

கும்பகோணம்

அன்புள்ள சேகர்,

உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். அந்த ஊர்க் குளிர் குழந்தைக்கு ஒத்துக்கொண்டதா என்று தினமும் என்னிடம் விசாரிக்கிறார்.

இங்கே பெரிய செய்தி, சமையலறைப் புகைபோக்கியை எடுத்துவிட்டோம். விறகடுப்பு போய் கேஸ் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அந்தக் கூண்டு வழியாக வந்தது அணிலும் ஐப்பசி மழையும்தான். கூண்டுச் சுவரும் மாடித் தளமும் சேரும் இடத்தில் விரிசல். தண்ணீர் அங்கே இறங்கி, தேக்குக் கட்டை ஓரமாகவே வழிந்துகொண்டிருந்தது.

புகைபோக்கி இருந்த ஓட்டையைக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டு மூடலாமே, நானும் என் வீட்டில் அப்படித்தான் செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். கான்கிரீட் தளம் போட்ட உன் கரூர் வீட்டுக்கு அது சரி. எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ் ஆயிற்றே. தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, கோணவாட்டில் சுண்ணாம்பால் ஒட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம். மரமும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். நடுவில் சிமெண்ட் போட்டால் அது சுருங்கி, சுற்றிலும் மயிரிழை விரிசல் விடும். அதில் இறங்கும் நீர் காய வழியில்லாமல் கட்டையைத்தான் தின்னும்.

அதனால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாராகத் தேடினேன். திருவிடைமருதூர் பக்கம் ஒரு பெரியவர் கிடைத்தார். கூண்டை மேலிருந்து வரிசை வரிசையாகப் பிரித்தார். சம்மட்டியைத் தொடவே விடவில்லை. அதிர்ந்தால் பக்கத்துத் தளமும் கழன்றுவிடும் என்றார். விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்பியிருந்த கரியைச் சுரண்டத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. கரி இருந்தால் சுண்ணாம்பு பிடிக்காது. ஒவ்வொரு கட்டையையும் ஆணியால் குத்திப் பார்த்தார். ஓட்டைக்காக வெட்டிய கட்டையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் முனை மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது. இடித்த வீட்டுத் தேக்கு வாங்கி மாற்றினோம்.

அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அடியில் பலகையும் இல்லை, முட்டும் இல்லை. ஒரு மூலையில் ஆரம்பித்து, கல்லில் சுண்ணாம்பு தடவி, முன்பு வைத்ததோடு அழுத்திக் கொஞ்சம் பிடித்திருந்துவிட்டுக் கையை எடுக்கிறார். அந்தரத்தில் அப்படியே நிற்கிறது! கோணவாட்டில் வருவதால் ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு பக்கம் பிடிப்பு. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார்.

மேலே 3 அங்குலம் ஜல்லித் தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடித்தார்கள். பழைய தளத்தின் ஓரத்தைப் படியாக வெட்டி, புதியது அதன்மேல் ஏறி உட்காரும்படி செய்தார் பெரியவர். ஒட்டுப்போடும் வேலையில் இந்த ஓரம்தான் எல்லாம். அதன்மேல் தட்டை ஓடுகள் பதித்து, பங்குனி வெயிலில் சட்டென்று காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரச் சாக்கு போட்டு வைத்தோம். சுண்ணாம்பு காற்றை வாங்கி மெதுவாகத்தான் இறுகும்.

உன் வீட்டில் பழைய கம்பி வெளியே தெரியும்வரை விளிம்பைச் சரிவாகக் கொத்தி, துருவைத் தேய்த்து எடுத்து, புதுக் கம்பியை அதோடு சேர்த்துக் கட்டச் சொல். 8 மி.மீ. கம்பி என்றால் 40 செ.மீ. சேர்ந்து வர வேண்டும். அதற்கு வசதியில்லை என்றால் விளிம்பில் துளை போட்டு ரசாயனப் பசையில் கம்பியைப் பதிக்கலாம். சும்மா கலவையைக் கொட்டி மூடினால் பாட்டில் தக்கை மாதிரிதான் நிற்கும். பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்ட் என்றால் 10 நாளாவது தண்ணீர் கட்டு.

இன்னொன்று. புகை போக எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டால் போதும் என்று விட்டுவிடாதே. சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கும். நாங்கள் சுவரில் தரையை ஒட்டி, அது வெளியே போக ஓட்டைகள் உள்ள ஒரு ஜாலியும் வைத்திருக்கிறோம்.

மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிடு. எப்போது ஆரம்பிக்கிறாய் என்று எழுது, கம்பி கட்டும் அன்று நானும் வருகிறேன்.

அன்புடன்,
ராமு