பழைய ஸியோனா, பழைய லெப்டொப்பா? வாங்குமுன் முழு இலக்கத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கும் பிள்ளைகளுக்காக ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் பாவித்த கணினி தேடும் பெற்றோர் முன்னால் இப்போது இரண்டு பொருட்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று, கம்பனிகள் கழித்துவிட்ட, இன்டெல்லின் ஸியோன் புரொசெஸர் உள்ள சேர்வர் (பலருக்கு ஒரே நேரத்தில் சேவை தரும் கணினி) அல்லது வேர்க்ஸ்டேஷன் (கனமான வேலைகளுக்கான மேசைக் கணினி). மற்றது, அலுவலகங்களிலிருந்து கழிந்து வரும், இன்டெல்லின் ஐ5, ஐ7 புரொசெஸர் உள்ள லெப்டொப். "எட்டு கோர், 32 ஜிபி ரெம்" என்ற விளம்பரத்தைக் கண்டதும் பலர் முதலாவதை எடுத்துவிடுகிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளை இருந்து படிப்பதற்கு அது பெரும்பாலும் பொருந்தாது.

2012இல் வெளியான இரண்டு புரொசெஸர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸியோன் ஈ5-2670 சேர்வருக்கானது, ஐ5-3320எம் லெப்டொப்புக்கானது. இரண்டுக்கும் அடிப்படை வேகம் 2.6 கிகாஹேர்ட்ஸ், உச்ச வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ். ஸியோனில் எட்டு கோர் (தனித்தனியாகக் கணிக்கும் அலகு), ஐ5இல் இரண்டே கோர். ஸியோன் முழுச் சுமையில் வெளிவிடும் வெப்பத்துக்குக் குறிக்கப்பட்ட அளவு 115 வாற்று, ஐ5க்கு 35 வாற்று. பிரௌசர் திறப்பது, வேர்ட்டில் தட்டச்சு செய்வது, சிறிய பைதன் நிரலை ஓட்டுவது எல்லாம் ஒன்றிரண்டு கோர்களில் நடக்கும் வேலைகள். அவற்றில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரே தேயிலை நிரையில் எட்டுப் பேரை இறக்கினால் கொழுந்து எட்டு மடங்கு வேகமாக வந்துவிடாது. வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது, பல மெய்நிகர் இயந்திரங்களை (ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனித்தனிக் கணினிகளை) ஒன்றாக ஓட்டுவது போன்ற வேலைகளில்தான் எட்டு கோரும் பயன்படும். அங்கே ஸியோன் வெகுதூரம் முந்திவிடும், அதில் சந்தேகமில்லை.

ஈ5 வரிசை ஸியோன்களுக்குள் கிராபிக்ஸ் கிடையாது. சேர்வர் போர்டில் இருக்கும், திரையை மாட்டும் விஜிஏ துளை, நிர்வாகி திரையைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்தது. அதில் ஸூம் வகுப்பையோ யூடியூப் பாடத்தையோ ஓட்டினால் முழுச் சுமையும் புரொசெஸர் மேல் விழும். தனியாக கிராபிக்ஸ் கார்ட் வாங்கத்தான் வேண்டும். லெப்டொப் ஐ5களில் அது உள்ளேயே இருக்கிறது. யூடியூப் அதிகம் பாவிக்கும் விபி9 என்ற வீடியோ வடிவத்தை வன்பொருளாலேயே முழுமையாக விரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில் (ஐ7-7500யு போல இலக்கம் 7இல் தொடங்குபவை) வந்தது.

ரெம்மிலும் கவனம் வேண்டும். சேர்வரோடு வரும் ரெம், சேர்வர்களுக்கென்று செய்யப்படும் 'ரெஜிஸ்டர்ட்' வகையாக இருந்தால் சாதாரண டெஸ்க்டொப்பில் வேலை செய்யாது. ஈ5-2670க்கு நான்கு ரெம் வழிகள் உண்டு. ஒரே ஒரு 16 ஜிபி குச்சியைப் போட்டு விற்றால் ரெம்முக்கும் புரொசெஸருக்கும் இடையில் தரவு போகும் உச்ச வேகத்தில் கால்வாசிதான் கிடைக்கும். சேர்வர்களுக்கான எஸ்ஏஎஸ் வகை டிஸ்கைக் கழற்றி வீட்டுக் கணினியின் டிஸ்க் மாட்டும் சாட்டா துளையில் மாட்டவும் முடியாது. பவர் சப்ளையும் பல சேர்வர்களில் அந்தந்த மொடலுக்கே உரியது. அது எரிந்தால் கொழும்பில் யுனிட்டி பிளாசா வரை போய்த் தேட வேண்டிவரும்.

கரண்ட் பில்லையும் கணக்குப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டும் மொனிட்டரும் சேர்ந்த ஒரு ஸியோன் கோபுரம் (டவர் கணினி) சுமார் 120 வாற்று இழுப்பதாக வைத்தால், தினம் ஐந்து மணித்தியாலத்துக்கு மாதம் 18 அலகு. திரையோடு சேர்த்தே 20 வாற்று எடுக்கும் லெப்டொப்புக்கு 3 அலகு. மாதம் 30, 60 அலகு எல்லைகளில் கட்டண வீதம் மாறும் நம் நாட்டில், லயத்து வீட்டுக்கு இந்த 15 அலகு சின்ன விஷயமல்ல. மழைக்காலத்தில் கரண்ட் போனால் கோபுரம் அந்த நொடியே அணைந்துவிடும். நல்ல பற்றரி உள்ள லெப்டொப்பில் பிள்ளை எழுதிக்கொண்டிருந்தது அப்படியே இருக்கும்.

லெப்டொப்பிலும் ஸ்டிக்கரை நம்பக்கூடாது. 2016இன் ஐ7-7500யு இரண்டு கோர். 2017இன் ஐ5-8250யு நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்). இரண்டும் 15 வாற்றுத்தான். முன்னதன் பெயரில் ஐ7 இருந்தாலும் பின்னதே மேலானது. இன்னொன்று, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ முறையாகப் போட இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ (8250யு போன்றவை) அதற்கு மேலோ வேண்டும். 2016இல் வந்த 14 கோர் ஸியோன் ஈ5-2680 வி4 கூட அந்தப் பட்டியலில் இல்லை. எட்டாம் தலைமுறைக்கு முந்திய லெப்டொப்தான் கைக்கு எட்டும் என்றால் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிஸ்க்) ஒன்றும் 8 ஜிபி ரெம்மும் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுங்கள். பைதன், எச்டிஎம்எல், எஸ்கியூஎல் படிக்க அது தாராளம். மிகப் பழைய ஸியோன் எக்ஸ்5650ஐ மட்டும் செயற்கை நுண்ணறிவு பழகவென்று வாங்காதீர்கள். பல எண்களை ஒரே தடவையில் கணிக்கும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் அதில் இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான டென்சர்ஃப்ளோ மென்பொருளின் வழக்கமான பதிப்புகள் 1.6இலிருந்தே அதில் திறக்க மாட்டா.

கடையில் லெப்டொப்பைக் கையில் எடுத்தால் புரொசெஸரின் விபரத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து முழு இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சார்ஜரில் போட்டபடி பத்து நிமிடம் முழுச் சுமையில் ஓட விடுங்கள். 8250யு தொடக்கத்தில் 3 கிகாஹேர்ட்ஸைத் தாண்டிப் பிறகு இறங்குவது இயல்பு. அடிப்படை வேகமான 1.6க்கும் கீழே விழுந்தால் பெரும்பாலும் ஹீட்சிங்கில் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) தூசி அடைத்திருக்கிறது, அல்லது புரொசெஸருக்கும் அதற்கும் இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. நமது பகுதியின் ஈரக்காற்றில் தூசி பஞ்சுத்திரளாக ஒட்டிக்கொள்வதால் ஊதினால் மட்டும் போகாது. விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். வேகம் 1 கிகாஹேர்ட்ஸைக்கூட எட்டாமல் கிடந்தால் முதலில் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். சில டெல் லெப்டொப்கள் தங்களுக்குரியதென்று அடையாளம் காணாத சார்ஜரில் புரொசெஸரைக் கட்டிப்போட்டுவிடும். 8250யு போல இலக்கம் யு என்று முடியும் புரொசெஸர் போர்டோடு ஒட்டப்பட்டது, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

பாடசாலைகளுக்கு அன்பளிப்பு அனுப்பும் பழைய மாணவர் சங்கங்களிடமும் வெளிநாட்டு உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். அனுப்புமுன் புரொசெஸரின் முழு இலக்கத்தையும் ரெம் வகையையும் அதிபருக்கு எழுதிக் கேளுங்கள். ஏற்கெனவே ஸியோன் வந்து சேர்ந்த பாடசாலைகள் அதை மூலையில் போட வேண்டாம். 64 ஜிபி ரெம்மோடு, மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கும் புரொக்ஸ்மொக்ஸ் மென்பொருளை நிறுவினால், ஆளுக்கு 4 ஜிபி கொண்ட பத்து மெய்நிகர் லினக்ஸ் இயந்திரங்களை அதில் உருவாக்கலாம். மாணவர்கள் ஆய்வுகூடத்துப் பழைய கணினிகளிலிருந்தே வலையமைப்பு வழியாக அவற்றில் பயிற்சி செய்ய முடியும். அப்படி வைப்பதென்றால் யுபிஎஸ் கட்டாயம். இடி மழை வரும் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பாடசாலை விடும்போது பிளக்கையும் நெட்வேர்க் வயரையும் கழற்றிவிடுங்கள். நீண்ட விடுமுறைக்குப் பின் இயந்திரம் எழும்பாவிட்டால் ரெம்மைக் கழற்றி அதன் தங்கநிற முனையை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்ப மாட்டுங்கள். திகதி பழைய வருடத்துக்குப் போய், இணையத்தளங்கள் பாதுகாப்பற்றவை என்று மறித்தால் போர்டிலுள்ள சிஆர்2032 நாணயப் பற்றரியை மாற்றுங்கள்.

கணினித் திருத்துநர் இருவர்,
ஹட்டன்.