எனாமல் சட்டி: நிறத்தை விட்டு விளிம்பைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் மீன்குழம்புக்கென்று எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். வெறும் இரும்புச் சட்டியில் புளி ஊற்றினால் குழம்பு கறுக்கும், இரும்பு வாடை ஏறும். எனாமல் என்பது சுமார் 800 டிகிரி சூட்டில் இரும்பின்மேல் உருக்கிப் பிடிக்கவைத்த கண்ணாடி. புளியோ குடம்புளியோ அதைத் தின்னாது.

வாங்கப் போகும்போது ஒரு சிறு காந்தம் கொண்டுபோங்கள். வண்ணம் பூசிய அலுமினியச் சட்டியும் பார்வைக்கு இதேபோல் இருக்கும். இண்டக்‌ஷனுக்காக அதன் அடியில் இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். அதனால் காந்தத்தைப் பக்கச் சுவரில் வைத்துப் பாருங்கள். ஒட்டியும் சட்டி லேசாக இருந்தால், அது இரும்புத் தகட்டில் எனாமல் பூசியது, அடிபிடிக்கும். 5 லிட்டர் வார்ப்பிரும்புச் சட்டி மூடியோடு 5 கிலோவை ஒட்டி இருக்கும். குழம்போடு 9 கிலோவைத் தொடும் என்பதால் வயதானவர்கள் இறக்கும் வீட்டுக்கு 3 லிட்டர் போதும். துணி சுற்றிய நான்கு விரல்களும் கைப்பிடிக்குள் நுழைய வேண்டும்.

பிறகு சட்டியை வெளிச்சத்தில் சாய்த்து உள்பக்கம் பாருங்கள். ஊசித்துளை, குமிழி, மயிரிழை விரிசல் இருந்தால் வேண்டாம். விளிம்பைச் சுற்றி விரலால் தடவுங்கள். பூச்சு மெலிந்து முதலில் உதிரும் இடம் அதுதான். மூடியைச் சுழற்றினால் ஆடக் கூடாது. உள்ளே கறுப்பாக இருப்பதைப் பார்த்து வெறும் இரும்பு என்று ஒதுக்க வேண்டாம், அதுவும் எனாமலாக இருக்கலாம். ஆனாலும் வெங்காயம் சிவக்கும் பதம் தெரிய வெளிர்நிறமே நல்லது.

நல்ல சட்டியும் கெடுவது பெரும்பாலும் தாளிப்பில்தான். வெறும் சட்டியைப் பெரிய தீயில் காயவைத்தால், சூடு மெல்லப் பரவும் வார்ப்பிரும்பில் நடுப்பகுதி மட்டும் கொதிக்கும். மேலிருக்கும் கண்ணாடி விரிசல் விடும். எண்ணெய் ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். சிறு தீயில் நாலைந்து நிமிடம் பொறுத்தால் கடுகு நன்றாகவே வெடிக்கும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கரண்டியில் ஒட்டிய குழம்பை விளிம்பில் தட்டி உதறும் பழக்கத்தை இந்தச் சட்டியில் அறவே விட வேண்டும். சிரட்டை அகப்பையோ மரக்கரண்டியோ பூச்சைக் காக்கும். அடிபிடித்தால் இரும்பு நார் போட்டுத் தேய்க்காமல், 1 லிட்டர் தண்ணீரில் 2 தேக்கரண்டி ஆப்பச்சோடா கலந்து 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். உள்பூச்சு சில்லாக உதிர்ந்த சட்டியில் மட்டும் சமைக்கவே கூடாது. அந்த இடத்தைச் சுற்றி மேலும் உதிரும், கண்ணாடித் துணுக்கு சாப்பாட்டில் சேரும்.

வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பணம் வாங்குமுன் பெட்டியைத் திறந்து பார்க்கவிடுங்கள். எடை, உள்பூச்சின் வகை, மூடியின் குமிழ் எவ்வளவு சூடு தாங்கும் என்ற மூன்றையும் தயாரிப்பாளர்கள் அட்டையில் தமிழில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
பாத்திர வணிகர்கள் சிலர்,
களியக்காவிளை.