ஒரு கண்டக்டர் பார்த்த மாண்ட்கோமெரி

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற பெற்றோர் எங்கெல்லாம் சுற்றலாம் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். நயாகரா, நியூயார்க், லாஸ் வேகாஸ், அப்புறம் நாலைந்து கோயில்கள். தெற்கு மாநிலங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அட்லாண்டா பக்கம் எவ்வளவோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, பெரியவர்கள் பாதிப் பேர் ஆறு மாதம் சீரியல் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரம் போனால் அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கோமெரி. மாநில எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுவதால் காலையில் கிளம்பினால் பகல் முழுவதும் கையில் இருக்கும்.

நான் முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். "மாமா, உங்க தொழில் சம்பந்தமான மியூசியம் ஒண்ணு இருக்கு, வாங்க" என்று மருமகன்தான் கூட்டிப் போனார். ரோசா பார்க்ஸ் மியூசியம். பஸ்ஸில் வெள்ளைக்காரருக்காக எழ மறுத்த கறுப்பினப் பெண்மணி அவர். 1955 டிசம்பர் 1 அன்று அந்த அம்மாவைக் கைது செய்த இடத்திலேயே கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து பஸ் மாதிரி ஒன்றை உள்ளே நிறுத்தி, அன்றைக்கு நடந்ததை ஜன்னல்களில் படமாக ஓட்டுகிறார்கள்.

மற்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள், நான் அந்த பஸ்ஸின் நடைமுறையைத்தான் பார்த்தேன். முன்பக்கம் பத்து சீட் வெள்ளையருக்கு, காலியாகவே போனாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு இறங்கி, பின்வாசல் வழியாக மறுபடி ஏற வேண்டும். காசு விழுந்ததும், ஆள் பின்னால் வருவதற்குள் வண்டியை எடுத்துவிடுகிற டிரைவர்களும் இருந்தார்களாம். டிக்கெட் காசை வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிட்டுப் போவதா! எங்கள் டிப்போவில் அதற்கு வேறு பெயர் வைத்திருப்போம்.

ரோசா வெள்ளையர் சீட்டில் உட்கார்ந்தார் என்றே நானும் நினைத்திருந்தேன். அவர் உட்கார்ந்திருந்தது அதற்குப் பின்னால், தம் மக்கள் உட்காரலாம் என்றிருந்த வரிசையில். முன்பக்கம் நிரம்பி ஒரு வெள்ளைக்காரர் நின்றதும், அந்த ஒருவருக்காக வரிசையில் இருந்த நாலு பேரையும் எழுந்திருக்கச் சொன்னார் டிரைவர். மூன்று பேர் எழுந்தார்கள். அதே டிரைவர் 1943-லும் ரோசாவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டவர் என்பது தனிக் கதை. ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே இதே ஊரில் எழ மறுத்துக் கைதானவர் கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பெண், பஸ்ஸில் இப்படிப் பிரித்து உட்கார வைப்பது செல்லாது என்று பிறகு நீதிமன்றத்தில் ஜெயித்த வழக்கில் அவரும் ஒரு வாதி. அப்புறம், ரோசாவின் கைதை எதிர்த்துக் கறுப்பினத்தவர் பஸ்ஸையே புறக்கணித்த அந்த 381 நாள். பயணிகளில் முக்கால்வாசி கறுப்பினத்தவர், ஒரு வருஷத்துக்கு மேல் ஒருவரும் ஏறவில்லை என்றால் கலெக்‌ஷன் என்ன ஆகியிருக்கும்! எனக்கு ஒரு டிரிப்பில் இருபது டிக்கெட் குறைந்தாலே ஆயிரம் கேள்வி வரும்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்து ரூட்டில், குறிப்பிட்ட ஒரு ஸ்டாப்பில் ஏறுகிற வயதானவர்கள் சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டே பதினைந்து கிலோமீட்டர். சட்டம் கிடையாது, போர்டு கிடையாது. யாருக்காக நிற்கிறார்கள் என்பது வண்டியில் எல்லாருக்கும் தெரியும். நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவேன். ஒரு நாளாவது "உட்காருங்க பெரியவரே" என்று சொல்லியிருக்கலாம்.

அந்த பஸ் புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளி முதல்வர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்றது, யோசித்துப் பார்த்தால் உண்மைதான் என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். அந்த கிங் பாதிரியாராக இருந்த சர்ச் மாண்ட்கோமெரியில் டெக்ஸ்டர் அவென்யூ என்ற தெருவில் இருக்கிறது. தெருவின் ஒரு முனையில், அடிமைகளை ஏலம் விட்ட சதுக்கம். ரோசா அன்று பஸ் ஏறியதும் அங்கேதான், இப்போது அவருக்குச் சிலை இருக்கிறது. மறுமுனையில் சட்டமன்றக் கட்டடம், அடிமைமுறையை விடமாட்டோம் என்று பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் அதிபராக 1861-ல் ஜெபர்சன் டேவிஸ் பதவியேற்ற இடத்தில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள். மூட்டுவலிக்காரன் நானே நடந்துவிட்டேன்.

2018-ல் திறந்த நினைவிடம் ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளையர் கும்பலாகச் சேர்ந்து அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கறுப்பினத்தவருக்காக. 800-க்கும் மேற்பட்ட துருநிற இரும்புத் தூண்கள், மாவட்டத்துக்கு ஒன்று, பெயர்களோடு. உள்ளே நுழையும்போது கண்ணுக்கு நேரே இருக்கின்றன. நடக்க நடக்கத் தரை இறங்குகிறது, கடைசியில் எல்லாத் தூணும் தலைக்கு மேலே தொங்குகின்றன. ஒருவரை எதற்காகக் கொன்றார்கள் என்று சுவரில் ஒரு வரி இருக்கும். 1940-ல் லூவேர்ன் என்ற ஊரில் ஜெஸ்ஸி தார்ன்டன் என்பவரைக் கொன்றது, ஒரு போலீஸ்காரரின் பெயரை 'மிஸ்டர்' போடாமல் சொன்னதற்காக. மருமகன் படித்துச் சொன்னார். அதன்பிறகு கார் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை.

மறுநாள் செல்மா போய், 1965 மார்ச் 7 அன்று கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமை கேட்டு வந்த ஊர்வலக்காரர்களைப் போலீஸ் அடித்து விரட்டிய பாலத்தில் நடந்தோம். பாலத்துக்கு இன்றைக்கும் அந்தக் கூட்டமைப்புத் தளபதி ஒருவரின் பெயர்தான். செல்மா ஊர் ரொம்பவே வாடிப்போய்க் கிடக்கிறது, சாப்பாடு கையோடு கொண்டுபோவது நல்லது.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு: அந்த நினைவிடம், அதைச் சேர்ந்த மியூசியம், ஆற்றங்கரைச் சிற்பப் பூங்கா மூன்றுக்கும் சேர்த்து நாங்கள் கொடுத்தது ஆளுக்கு ஐந்து டாலர். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மியூசியத்துக்குள் போட்டோ எடுக்க விடமாட்டார்கள், அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒன்றும் கிடைக்காது. அடுத்த முறை இந்தப் பக்கம் போடும்போது இரண்டு பத்தி இடம் கொடுங்கள், ரூட் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
துறையூர்